முதல் ட்ரைக்: 582 போட்ட குவாண்டமா, 912 போட்ட குவிக்கா?

வான்குருவி:
வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருக்கிறேன். பிளெக்ஸ்விங் (துணிச் சிறகுக்குக் கீழே மூன்று சக்கர வண்டி தொங்கும் சின்ன விமானம், ட்ரைக் என்றும் சொல்வார்கள்) பயிற்சியில் 11 மணி நேரம் முடிந்திருக்கிறது, இன்னும் சோலோ, அதாவது ஆசிரியர் இல்லாமல் தனியாக, போகவில்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, ராத்திரியெல்லாம் விளம்பரம் பார்க்கிறேன். பெகாசஸ் குவாண்டம் 15, ரோட்டாக்ஸ் 582 என்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஒன்று இருக்கிறது, கையில் இருக்கும் காசுக்குள் அடங்கும். இன்னொன்று ரோட்டாக்ஸ் 912 என்ற ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் போட்ட குவிக், அதற்குக் கடன்தான் வாங்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் நடுவானில் நின்றுவிடும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். கடன் வாங்கிவிடலாமா?

மூணுசக்கரம்:
எல்லாரும் எஞ்சினையே பேசுவார்கள், நீங்கள் முதலில் சிறகைப் பாருங்கள். குவிக்கின் சிறகு சின்னது, வேகமானது, தரையிறங்கும்போதும் அந்த வேகம் கூடவே வரும். குவாண்டம் மெதுவாக வந்து உட்காரும், கையில் பிடித்து ஓட்டுகிற பாரைத் தள்ளுவதில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். அப்புறம் சிறகுத் துணி. வெயில்தான் அதற்கு எமன். பெட்ஸோமீட்டர் என்று ஒரு ஸ்பிரிங் தராசு உண்டு, துணியில் ஊசியைக் குத்தி 1360 கிராம் வரை இழுத்துப் பார்ப்பார்கள், கிழிந்தால் அந்தத் துணியின் கதை முடிந்தது. புதுத் துணி சில ஆயிரம் பவுண்டு கேட்கும், அப்போது மலிவாக வாங்கிய வண்டி மலிவாக இருக்காது.

எண்ணெய்க்கை:
582-ஐ ஆறு வருடமாக ஓட்டுகிறேன், நின்றது ஒரே ஒரு முறை, அதுவும் என் தப்பு. ஒரு குளிர்கால மதியம் த்ராட்டிலை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இறங்கிவிட்டு சடாரென்று முழுசாகத் திறந்தேன். பிஸ்டன் சூட்டில் விரிய, ரேடியேட்டரில் ஆறிப்போயிருந்த தண்ணீர் வந்து சிலிண்டரை விரிய விடாமல் செய்ய, இரண்டும் இறுகிப் பிடித்துக்கொண்டன. கீழே மேய்ச்சல் நிலம் இருந்தது, ஆடுகள் எல்லாம் வேலியோரம் இருந்தன, பிழைத்தேன். அன்றிலிருந்து இறங்கும்போது நடுநடுவே கொஞ்சம் த்ராட்டில் கொடுத்துச் சூட்டைக் காப்பாற்றுகிறேன். 300 மணி நேரத்துக்கு ஓவர்ஹால் (எஞ்சினை முழுசாகப் பிரித்துச் சீராக்குவது) என்பதையும் கணக்கில் வையுங்கள். வருடத்துக்கு 40 மணி நேரம் பறக்கிறவருக்கு அது ஏழு வருடத்துக்கு மேல், அதற்காகக் கடனா?

இன்னொன்று, 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம், பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள், விறைத்திருந்தால் மாற்ற வேண்டும்.

மேகம்தொடுவேன்:
அண்ணன் சொல்வதை நான் முழுசாக ஏற்கவில்லை. புதிய 912-க்கு ஓவர்ஹால் 2000 மணி நேரத்தில்தான், விற்கும்போதும் நல்ல விலை போகும். காலையில் எண்ணெய் பார்க்கும் முன் மேக்னெட்டோ (பற்றவைப்பு) சுவிட்சுகள் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றி, எண்ணெய் டேங்கில் 'களக்' என்று ஏப்பம் விடுகிற சத்தம் கேட்கும்வரை நிற்க வேண்டும், அதுதான் அதன் பெரிய தொந்தரவு. ஆனால் குவிக் வேண்டாம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 912 போட்ட குவாண்டமும் உண்டு, தேடுங்கள். எதுவாக இருந்தாலும் மூக்கைத் தூக்கி வேகத்தை இழக்கிற விளையாட்டு வேண்டாம், ட்ரைக் குட்டிக்கரணம் போட்டால் மீட்க வழியில்லை.

வான்குருவி:
அந்த 582 குவாண்டத்தைப் போய்ப் பார்த்தேன். எப்போதும் ஹேங்கரில்தான் இருந்தது என்றார் விற்பவர். சிறகின் மேல்பக்கம் வெளுத்து ரோஜா நிறம், மடிப்புக்குள் விரலை விட்டு விரித்தால் பளிச்சென்று சிவப்பு. பெட்ஸ் சோதனை எப்போது செய்தது என்று கேட்டேன், லாக்புக் வீட்டில் இருக்கிறதாம். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை காற்று அடங்கினால் சோலோ என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார், அதுவரை விளம்பரப் பக்கம் போகப்போவதில்லை.

எண்ணெய்க்கை:
போவீர்கள். நானும் போனேன்.