புதுப்பிப்பு: மெரினா பே அந்திப் படங்கள்

சிங்கப்பூர் மெரினா பேயில் சூரியன் மறையும்போது படம் எடுக்க எங்கே நிற்பது, நீல நேரம் (சூரியன் மறைந்ததும் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும் சிறிது நேரம்) எவ்வளவு நீடிக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, போய் எடுத்துவிட்டேன்.

மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் உள்ள நடைபாதையில் நின்றேன். எதிர்க்கரையில் ராஃபிள்ஸ் பிளேஸ் வணிகப் பகுதியின் உயர்ந்த கட்டடங்கள் பக்கமாகத்தான் சூரியன் இறங்குகிறது. பக்கத்திலுள்ள ஹெலிக்ஸ் நடைபாலமும் அழகுதான், ஆனால் ஆட்கள் கூட்டமாக நடந்து போகும்போது தளம் லேசாக அதிர்கிறது. ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் கேமராத் திரை) நீண்ட நேரம் திறந்து வைத்து எடுப்பதற்குக் கரையே நல்லது.

நேரம்தான் எல்லாமே. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் இருட்டு சட்டென்று வந்துவிடுகிறது. லண்டன் கோடை மாதிரி ஆற அமர எடுக்க முடியாது. சூரியன் மறைந்து 15 நிமிடம் போல ஆனதும் வானத்தின் வெளிச்சமும் ஜன்னல் விளக்குகளும் சமமாக வந்தன. அந்தச் சில நிமிடங்கள்தான் பொன்னானவை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு) இரண்டையும் மாற்றாமல் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனேன்: 1/30 நொடியில் தொடங்கி 4 நொடி வரை. ஒயிட் பேலன்ஸ் (படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) 4000 கெல்வின். ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த நீலத்தையே குறைக்கப் பார்க்கும்.

அப்புறம், மேகம் இருந்தால் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போங்கள்! உயரத்தில் மெல்லிய மேகம் இருந்தால், சூரியன் மறைந்த பிறகும் அதன் அடிப்பக்கம் சிவக்கிறது. அந்தச் சிவப்பு தண்ணீரில் விழுந்த படம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ரா கோப்புகளை (கேமரா பதிவு செய்த, இன்னும் மெருகேற்றாத படங்கள்) சரிசெய்ததும் அதை முதலில் போடுகிறேன்.