இரட்சிக்கப்பட்ட பிறகும் அதே பாவம்: 1 யோவான் 1:8, 3:9 இரண்டும் எப்படிப் பொருந்தும்?

வேதமாணவன்:
“நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்” என்கிறது 1:8. அதே நிருபம் 3:9இல், “தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்.” மனந்திரும்பி ஞானஸ்நானமும் எடுத்தவர் கோபத்திலோ பொய்யிலோ திரும்பத் திரும்ப விழுந்தால் இரட்சிப்பு என்ன ஆகிறது? வேதபாட வகுப்புக்காகக் கேட்கிறேன். சபைக்குச் சபை பதில் எங்கே மாறுகிறது என்றும் சொல்லுங்கள்.

கிருபைவழி:
சகோ, நடுவில் 2:1 இருக்கிறதே, அதைத் தாண்டிக் குதித்தால்தான் இரண்டும் முட்டும். பாவஞ்செய்யாதபடிக்கு எழுதுகிறேன் என்ற கையோடு, ஒருவன் பாவஞ்செய்தால் பரிந்து பேசுகிறவர் பிதாவினிடத்தில் உண்டு என்கிறார் யோவான். ஆகவே 3:9 குறிவைப்பது தடுக்கி விழுந்தவனை அல்ல, பாவத்திலேயே குடியிருந்துகொண்டு தேவபிள்ளை என்று சொல்லிக்கொள்பவனை.

வகுப்பில் நீதிமானாக்கப்படுதலையும் பரிசுத்தமாகுதலையும் பிரித்துக் காட்டுங்கள். முதலாவது தேவன் தரும் தீர்ப்பு (ரோமர் 3:24, 5:1). அதில் கூடுதல் குறைவு கிடையாது. இரண்டாவது வளர்ச்சி; தான் தேறிவிட்டதாகப் பவுலே சொல்லவில்லை (பிலிப்பியர் 3:12). வளர்ச்சியைப் பார்த்துத் தீர்ப்பை அளந்தால் நல்ல வாரத்தில் பெருமை, கெட்ட வாரத்தில் பீதி. தீர்ப்பு போதும், வளர்ச்சி எதற்கு என்றால், கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைநிற்கலாமா, கூடாதே என்று ரோமர் 6:1-2 வந்து நிற்கும். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்று புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் சொன்னது இதைத்தான்.

மறைக்கல்வி:
மேலே உள்ளது புராட்டஸ்டன்ட் விளக்கம். கத்தோலிக்கர் இப்படிப் பிரிப்பதில்லை. 1547இல் கத்தோலிக்க ஆயர்களின் திரிதெந்து பொதுச்சங்கம் சொன்னபடி, நீதிமானாக்கப்படுதலில் மன்னிப்போடு உள்மனிதன் புதுப்பிக்கப்படுவதும் அடங்கும். திருமுழுக்குக்குப் பின்னும் பாவ நாட்டம் தங்கும்; சம்மதிக்காதவரை அது பாவமல்ல. லூத்தரன்கள் அந்த நாட்டத்தையே பாவம் என்பார்கள். சண்டையின் வேர் இதுதான். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒப்பமிட்ட கூட்டு அறிக்கையும் இந்த வேறுபாட்டை மூடிமறைக்கவில்லை. பழைய கண்டனத்துக்கு இனி இது காரணமல்ல என்றது, அவ்வளவே.

தேவனோடுள்ள உறவை, அதாவது அருள்நிலையை, இழக்கச்செய்யும் சாவான பாவத்துக்கு மூன்று சேர வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். திடீரென்று பொங்கும் கோபத்தில் மூன்றாவது பெரும்பாலும் இருக்காது. அப்போது அது அற்பப் பாவம், அருள்நிலை போகாது. பொய் அது விளைவிக்கும் கேட்டைப் பொறுத்தது. சாவான பாவமென்றால் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் செய்யும் பாவ அறிக்கையில்) வகையையும் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். பலர் கோட்டைவிடுவது, இனிச் செய்வதில்லை என்ற தீர்மானத்தில். ‘மறுபடி விழுந்துவிடுவேனோ’ என்ற பயம் இருப்பதால் தீர்மானம் பொய்யாகாது. செய்யத்தான் போகிறேன் என்று முடிவெடுத்துவிட்டு வந்து முழங்காலிட்டால் மன்னிப்பு செல்லாது.

வெஸ்லிவாசகர்:
மெதடிஸ்டு பக்கமிருந்து ஒன்று சேர்க்கிறேன்; விசுவாசி இந்த வாழ்விலேயே பூரணமாகலாம் என்பது அங்குள்ள போதனை. ஆனால் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி போதித்த பூரணம் அன்பில் பூரணம். அறியாமையும் தவறான கணிப்பும் அதோடு போய்விடும் என்று அவர் சொல்லவே இல்லை.

திரும்பத் திரும்ப விழுகிறவருக்கு: “ஆண்டவரே, நான் பாவி” என்று பொதுவாக ஜெபிப்பது போதாது. யாரிடம் என்ன பொய், எதை மறைக்க என்று பெயர் சொல்லி அறிக்கையிட வேண்டும் (1:9). பாதிக்கப்பட்டவரிடம் நேரில் போக வேண்டும். காணிக்கையைக்கூட நிறுத்திவைத்துவிட்டுப் போகச் சொல்கிறது மத்தேயு 5:23-24. பணம் சம்பந்தப்பட்டதென்றால் சகேயுவைப் போலத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம்பகமான ஒருவரிடம் சொல்லிவைப்பதும் உதவும் (யாக்கோபு 5:16). மன்னிக்கப்பட்டதையே தினமும் தோண்டி எடுத்து மறுபடி அறிக்கையிடுவது மட்டும் வேண்டாம். அது மனந்திரும்புதல் போலத் தெரியும், உண்மையில் மன்னிப்பின்மேல் சந்தேகம்.

வேதமாணவன்:
நன்றி. அப்படியானால் “மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்தால்” பாவத்துக்கு இனிப் பலியே இல்லை என்கிறதே எபிரெயர் 10:26?

கிருபைவழி:
29ஆம் வசனம்வரை வாசியுங்கள். தேவகுமாரனைக் காலின்கீழ் மிதித்து, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்று எண்ணுகிறவனைப் பற்றிய பேச்சு அது. கிறிஸ்துவையே உதறிவிட்டுப் போவது வேறு, விழுந்து அழுதுகொண்டு அவரிடமே திரும்புவது வேறு. உதறிப் போனவன் முதலிலேயே மெய்யாக இரட்சிக்கப்பட்டவன்தானா என்பதில், மெய்யான இரட்சிப்பு இழந்துபோகாது என்னும் கால்வினிஸ்டுகளும் இழக்கக்கூடும் என்னும் அர்மினியனிஸ்டுகளும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதற்குத் தனி இழை திறங்கள்.