40 மீற்றரில பகல் கொழும்பு, இரவு வெறும் இரைச்சல்: அன்ரனாப் பிழையோ?

கேள்வி: வளவுமூலை

அமெச்சூர் வானொலி, இடம் கோண்டாவில். 40 மீற்றர் அலைவரிசைக்கு (7 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) டைப்போல், அதாவது நடுவில கேபிள் இணைக்கிற ரெண்டு பக்க வயர் அன்ரனா, ரெண்டு பனைக்கு நடுவில, 7 மீற்றர் உயரம், 100 வாட். காலமையில கொழும்பு 59, அதாவது தெளிவாவும் பலமாவும் வருது. பொழுதுபட்டு இருளத் திருகோணமலைச் சிக்னல் முதல் போகுது, பிறகு கொழும்பு. காலி மட்டும் கனநேரம் நிண்டு பிடிக்குது, அதுதான் விளங்கேல்ல. அதே நேரம் ஐரோப்பாக்காரர் நல்லா வருகினம். எஸ்.டபிள்யூ.ஆர். (அன்ரனா எவ்வளவு பொருந்துது எண்ட அளவு, 1 தான் திறம்) 1.3, பகல் இரவு மாற்றமில்லை. 12 மீற்றர் உயரத்துக்கு ஏத்தினா சரிவருமோ, அண்ணைமார்?

மறுமொழி: சோளகம்

ஏத்தாதேங்கோ, அன்ரனாவில பிழையில்லை. எது முதல் போகுது எண்ட ஒழுங்கிலயே விடை கிடக்கு.

திருமலை உங்களுக்கு ஏறத்தாழ 180 கி.மீ., கொழும்பு 300, காலி 400. மூண்டும் வானத்து அயன் மண்டலத்தின்ர எஃப்2 படையில ஒருக்காத் தெறிச்சு வாற சிக்னல். நேர மேல அனுப்பினா திரும்பி வரக்கூடிய ஆகக்கூடின மீடிறனை அவதி மீடிறன் எண்டு சொல்லுறது. சரிவாப் போற அலைக்கு அந்த எல்லை கொஞ்சம் கூடும். படை 300 கி.மீ. உயரத்தில எண்டு வைச்சுக் கணக்குப் பாத்தா, 7.1 மெகாஹேர்ட்ஸ் திரும்பிவர அவதி மீடிறன் திருமலைக்கு 6.8 வேணும், கொழும்புக்கு 6.35, காலிக்கு 5.9 காணும். பொழுதுபட்டாப் பிறகு புது அயன் உண்டாகாது, இருக்கிறதும் இலத்திரனோட சேர்ந்து குறையுது. அவதி மீடிறன் இறங்க இறங்கக் கிட்ட இருக்கிறவர் முதல் போவார். விடிய இது தலைகீழ்: காலி முதல் வரும், திருமலை கடைசி.

ஐரோப்பாச் சிக்னல் படையைத் தாழ்கோணத்தில தொடுறதால இந்த எல்லை அதைப் பாதிக்காது. பகலில அதை விழுங்கிற, கீழ இருக்கிற டி படையும் இரவில இல்லை.

இணையத்தில அவதி மீடிறன் வரைபடம் கிடைக்கும். 6.5 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழ போனா 40இல கொழும்பைக் கூப்பிட்டு மினக்கெடாதேங்கோ. சூரியக் கரும்புள்ளி கூடின வருசங்களில நடுச்சாமம் தாண்டியும் நிக்கும், குறைஞ்ச வருசங்களில வெள்ளனவே கவிழும்.

மறுமொழி: பருத்தித்துறை முனை

மேல உள்ளது சரி. செய்யவேண்டியது இரவில 80 மீற்றர் அலைவரிசைக்கு இறங்கிறது; அதின்ர மீடிறன் குறைவு, அவதி மீடிறன் இறங்கினாலும் திரும்பி வரும். புதுக் கேபிள் வேண்டாம், இருக்கிற நடு இணைப்பிலயே இன்னொரு சோடி வயரைக் கட்டுங்கோ. 3.65 மெகாஹேர்ட்ஸுக்கு ஒரு பக்கம் 19.6 மீற்றர் வரும். 20.3 ஆ வெட்டி, பிறகு கத்தரியுங்கோ. ரெண்டு சோடிக்கும் நடுவில 30 சென்ரிமீற்றராவது இடைவெளி வேணும், ஒட்டினாப்போல ஓடினா 40இன்ர ஒத்திசைவு இழுபடும். முதல் 80ஐச் சரிசெய்து, பிறகு 40, திரும்ப 80ஐ ஒருக்காப் பாருங்கோ. 3.5 தொடக்கம் 3.9 வரை முழுக்க எஸ்.டபிள்யூ.ஆர். 2க்குக் கீழ வராது, அதுக்காக வயரோட மல்லுக்கட்டவேண்டாம்.

நடு இணைப்பில 1:1 சோக் (கேபிள் மேலுறையில ஓடுற மின்னைத் தடுக்கிற சுருள்) போடுங்கோ: 2.4 அங்குல பெரைட் வளையம், 31ஆம் கலவை, ஆர்.ஜி.58 கேபிள் 10 தொடக்கம் 12 சுத்து. இல்லாட்டிக் கேபிள் மேலுறையே அன்ரனாவாகி வீட்டு எல்.ஈ.டி. இரைச்சல் எல்லாத்தையும் உள்ளுக்குக் கொண்டுவரும்.

பனை ஆடும். ஒரு முனையை இறுக்கிக் கட்டி, மற்ற முனைக் கயித்தைக் கப்பியால விட்டுப் பாரம் தொங்கவிடுங்கோ. ரெண்டு முனையையும் இறுக்கினா சோளகக்காத்தில வயர் அறும். இணைப்பைத் தானே ஒட்டுற இறப்பர் ரேப்பால மூடுங்கோ. உப்புக்காத்து கேபிள் பின்னலுக்குள்ள போனா களிம்பு பிடிச்சுக் கறுக்கும், எஸ்.டபிள்யூ.ஆர். நல்லாக் காட்டிக்கொண்டே சிக்னல் குறையும்.

ஐப்பசி, கார்த்திகையில 80இல இடிமின்னல் இரைச்சல் கூட. இடி கிட்ட வந்தா கேபிளைக் கழட்டி வெளியில போடுங்கோ.

வளவுமூலை

நன்றி. இன்னொண்டு: பங்குனியில இரவு 8 மணிபோலக் குரல் நடுங்குது. எஃப்.ரி.8இல (கணினியால எழுத்து அனுப்புற முறை) சிக்னல் பலமா இருந்தும் எழுத்து விழுகுதில்லை.

மறுமொழி: சோளகம்

அது எங்கட இடத்துக்கே உரிய கரைச்சல். பூமியின்ர காந்த நடுக்கோடு யாழ்ப்பாணத்துக்கு மிகக் கிட்டப் போகுது. பொழுதுபட்ட உடன எஃப் படை மேல எழும்பும், அதின்ர அடிப்பக்கம் குலைஞ்சு குமிழ் குமிழாக் கிழியும். சிக்னல் பல வழியால, ஒவ்வொண்டும் கொஞ்சம் வேற மீடிறனில வந்து சேருது. எஃப்.ரி.8 தொனிகளுக்கு இடைவெளி 6.25 ஹேர்ட்ஸ்தான், சிதறல் அதைத் தாண்டினா பலம் இருந்தும் பிரிக்கேலாது. பங்குனி, சித்திரையிலயும் புரட்டாதி, ஐப்பசியிலயும் கூட. மெதுவான மோர்ஸ் தப்பும். இல்லாட்டி நடுச்சாமம் தாண்டப் பாருங்கோ, அனேகமா அடங்கியிருக்கும்.