இரு நாட்டு அரசுத் துறைகளின் கூட்டுத் திட்டம்: இறுதி மதிப்பீட்டில் எதைப் பார்ப்பது?

கோப்புக்காரர்:
வணக்கம். எங்கள் புள்ளியியல் துறையும் இன்னொரு நாட்டுப் புள்ளியியல் அலுவலகமும் சேர்ந்து நடத்திய கூட்டுத் திட்டம் முடிந்துவிட்டது. நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கணக்கிடும் முறையைச் சீர்செய்வதுதான் நோக்கம். அவர்களுடைய ஆலோசகர் ஒருவர் இங்கேயே தங்கி எங்களோடு வேலை பார்த்தார். இறுதி மதிப்பீட்டை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கையில் இருப்பவை: பயிற்சிப் பட்டறைகளின் பட்டியல், வருகைக் கையெழுத்துகள், எல்லாரும் ‘மிக நன்று’ என்று டிக் போட்ட கருத்துப் படிவங்கள், புதிதாக எழுதிய ஒரு கையேடு. மேலதிகாரிக்கு ‘வெற்றியா, இல்லையா’ என்று ஒரே வரியில் பதில் வேண்டுமாம். வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிட ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வகுத்த ஆறு அளவுகோல்களையும் தலைப்பாகப் போட்டு நிரப்பிவிடலாமா?

பழைய தணிக்கையாளர்:
போடலாம். பார்க்க ஒழுங்காக இருக்கும், படிக்க ஒன்றும் இருக்காது. 1991-இல் ஐந்தாக இருந்த அளவுகோல்கள் 2019-இல் ஒத்திசைவும் சேர்ந்து ஆறாயின. அப்போதே, இவற்றை எந்திரத்தனமாகப் பயன்படுத்தாதீர்கள் என்று அவர்களே எழுதி வைத்தார்கள். யாரும் கேட்பதில்லை. உங்கள் திட்டத்துக்கு இரண்டு கேள்விகளில்தான் விஷயம் இருக்கிறது: செய்ய நினைத்தது நடந்ததா? ஆலோசகர் கிளம்பிய பிறகும் அது நடக்கிறதா? மற்றதற்கு ஆளுக்கு ஒரு பத்தி போதும்.

கையெழுத்துகளையும் டிக் படிவங்களையும் பின்னிணைப்பில் தள்ளிவிடுங்கள். விருந்தினராக வந்து சொல்லிக் கொடுத்தவரைப் பற்றி யார் ‘சுமார்’ என்று எழுதுவார்கள்?

குறியீட்டைக் கணக்கிடுகிறவரின் மேசைக்குப் போய், இந்த மாத வேலையை உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விளக்கக் கூடாது, செய்து காட்ட வேண்டும். விலை எடுக்கப் போன இடத்தில் ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்கிறார்? போன மாத விலையையே திரும்பப் போடுவதுதான் பல அலுவலகங்களின் பழைய வழக்கம். அப்படிப் போட்டால் விலை அசையாத மாதிரித் தெரியும், குறியீடு உண்மையிலிருந்து விலகும். அதே வகைப் பொருள்களின் விலை எப்படி நகர்ந்ததோ அதை வைத்து மதிப்பிடுவதுதான் சர்வதேசக் கையேடு சொல்லும் வழி. உங்கள் திட்டமும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இதற்குப் பேட்டி தேவையில்லை, தரவிலேயே தெரியும். திட்டத்துக்கு முன்பு, ஆலோசகர் இருந்தபோது, அவர் போன பிறகு என்று மூன்று காலத்தின் விலைக் கோப்புகளை எடுங்கள். கிடைக்காத பொருள்களில் எத்தனைக்குப் பழைய விலை அப்படியே ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள். நடுவில் குறைந்து கடைசியில் மறுபடி ஏறியிருந்தால், வேலையை ஆலோசகர் பார்த்திருக்கிறார், துறை பார்க்கவில்லை.

அப்புறம் திட்டத்தில் புதிதாக எழுதிய அந்தக் கையேடு. கடைசியாக யார், எப்போது திருத்தினார் என்று பாருங்கள். ஆலோசகர் கிளம்பிய வாரத்துக்குப் பிறகு ஒரு எழுத்துகூட மாறவில்லை என்றால் அது அலமாரிக்குப் போய்விட்டது.

வந்துபோன ஆலோசகர்:
நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். தணிக்கையாளர் ஐயா சொல்வது சரிதான், ஆனால் கொஞ்சம் கறார். பயிற்சி பெற்றவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டால் அதற்குக் கூட்டுத் திட்டம் என்ன செய்யும்?

இன்னொன்று, காலம். ஐரோப்பிய ஒன்றியம் 1998-இல் தொடங்கிய ட்வின்னிங் திட்டங்களில் (இரு நாட்டு அரசுத் துறைகளை இணைத்து நடத்துபவை), முடிந்து 6 முதல் 12 மாதம் கழித்து ஒரு மறுஆய்வுக் குழு போகும். ஆலோசகர் பெட்டி கட்டும் வாரத்தில் கேட்டால் எல்லாம் பிரமாதம் என்றுதான் பதில் வரும். உங்களுக்கு அந்த இடைவெளி கிடைக்குமா?

ஆலோசகரை அனுப்பிய அலுவலகத்தையும் கேளுங்கள். நல்ல ஆள்களை நீண்ட காலம் விட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். இருவருக்கும் ஏதாவது கிடைத்ததா என்று பார்க்காத மதிப்பீடு, கூட்டாண்மையைப் பற்றியதே இல்லை.

பழைய தணிக்கையாளர்:
கடைசிப் பத்தி ரொம்பச் சரி, அதை நான் விட்டுவிட்டேன். இடமாற்றத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரசு அலுவலகத்தில் இடமாற்றம் வரும் என்பது திட்டம் எழுதும்போதே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரை மட்டும் தயார் செய்திருந்தால் அது வடிவமைப்பின் குறை. பழியை எந்தத் தலையில் கட்டுவது என்பதல்ல கேள்வி, எந்த முடிவால் இப்படி ஆனது என்பதுதான்.

கோப்புக்காரர்:
நன்றி ஐயா, நன்றி ஆலோசகர் சார். திட்டம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது, அதனால் இடைவெளிக்குக் குறையில்லை. இன்று கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். பழைய விலையைத் திரும்பப் போடும் வழக்கம் நன்றாகவே குறைந்திருக்கிறது, இன்னும் ஏறவில்லை. ஆனால் கணக்கிடும் நிரலில் கை வைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் பொத்தானை அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். இன்னொரு சந்தேகம்: அதே சமயத்தில் எங்கள் துறை விலை சேகரிப்பை டேப்லெட்டுக்கு மாற்றியது. முன்னேற்றத்தில் பாதி அதனால் வந்திருக்கலாமே?

பழைய தணிக்கையாளர்:
வந்திருக்கலாம். பாதியா கால்வாசியா என்று பிரிக்கப் போகாதீர்கள், இந்தத் தரவில் அது முடியாது. டேப்லெட் விடுபட்ட விலையைக் காட்டிக் கொடுக்கும், ஆனால் அதற்கு என்ன மதிப்புப் போடுவது என்று தானாக முடிவு செய்யாது. அந்த விதியை எழுதியது யார், எந்தக் கூட்டத்தில், என்று குறிப்பேடுகளில் தேடுங்கள். கூட்டுத் திட்டத்தின் பங்கு அங்கேதான் தெரியும்.

மேலதிகாரிக்கு ஒற்றை வரி வேண்டும் என்றால் இப்படிக் கொடுங்கள்: ‘கணக்கிடும் முறை மாறியது, நீடிக்கிறது, அதைத் திருத்தும் திறன் ஒரே ஊழியரிடம் உள்ளது.’ வரைவை இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். தகவல் பிழை இருந்தால் திருத்தலாம், தீர்ப்பைப் பேரம் பேச விடாதீர்கள்.