ஸ்பானிஷ் நிகழ்கால வினை உங்களுக்கு எங்கே பிடிபட்டது? அனுபவங்களைப் பகிருங்கள்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் பலர் நிகழ்கால வினை அட்டவணையைப் பார்த்ததுமே மலைத்துப்போகிறார்கள். ஒரு வினைக்கு ஆறு வடிவங்கள், அதுவும் மூன்று வகைகளில். எனக்கு வழிவிட்டது நம் தமிழ்தான். 'பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம்' என்று விகுதியை மாற்றி மாற்றித்தானே நாள் முழுக்கப் பேசுகிறோம்? 'நான்' என்று சொல்லாவிட்டாலும் 'பேசுகிறேன்' என்றால் யார் பேசுவது என்று தெரிந்துவிடுகிறது. ஸ்பானிஷிலும் அதே கதைதான்.

'அப்லார்' என்றால் பேசுவது. எழுத்தில் முதலில் ஓர் எச் வரும், அது ஒலிக்காது. கடைசி 'ஆர்' ஒலியைக் கழற்றிவிட்டு விகுதியைச் சேர்த்தால் அப்லோ (பேசுகிறேன்), அப்லாஸ் (பேசுகிறாய்), அப்லா (பேசுகிறான், பேசுகிறாள்), அப்லாமோஸ் (பேசுகிறோம்), அப்லாய்ஸ் (பேசுகிறீர்கள்), அப்லான் (பேசுகிறார்கள்). 'ஏர்' என்று முடியும் 'கொமேர்', அதாவது சாப்பிடுவது, கோமோ, கோமேஸ், கோமே, கொமேமோஸ், கொமேய்ஸ், கோமென் என்று போகும். 'இர்' என்று முடியும் 'பிபிர்', வாழ்வது, இதற்கு அப்படியே தங்கை. 'நாம்', 'நீங்கள்' என்ற இரண்டு இடங்களில் மட்டும் பிபிமோஸ், பிபீஸ் என்று விலகும். மூன்று வகை என்று பயமுறுத்தினாலும் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

உங்களுக்கு எந்த இடத்தில் தெளிவு வந்தது?

* * *

நான் ஆரம்ப நிலை மாணவர்களுக்கு ஆன்லைனில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தமிழ்க் காது நம்மைத் தடம் மாற்றும் ஓர் இடமும் உண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். 'ஆன்' என்று முடிந்தால் நமக்கு ஆண்பால் ஒருமை. ஸ்பானிஷிலோ அது 'அவர்கள்'. ஒரு வகுப்பில் 'அப்லான் முய் பியென்' என்ற ஒலிப்பதிவைப் போட்டேன். மிக நன்றாகப் பேசுகிறார்கள் என்று பொருள். நல்ல கெட்டிக்கார மாணவி ஒருவர் சற்றும் தயங்காமல் 'அவன் நன்றாகப் பேசுகிறான்' என்று எழுதினார். கடைசியில் 'ன்' ஒலி வந்தால் பன்மை என்று அவர் நோட்டிலேயே இருந்தது. நோட்டில் இருப்பது காதுக்கு வரப் பயிற்சி வேண்டும்.

அதனால் என் வகுப்பில் முதல் சில வாரங்கள் பிரதிப்பெயரே இல்லாத வாக்கியங்கள்தான். நான் வினையை மட்டும் சொல்வேன், யார் என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ, யோ' என்று ஆரம்பிப்பார்கள். 'யோ அப்லோ' தப்பில்லை, ஆனால் 'நான்தான் பேசுகிறேன்' என்று அழுத்திச் சொல்வதுபோல ஒலிக்கும்.

படர்க்கை ஒருமையில் மட்டும் கவனம் வேண்டும். 'அப்லா' அவனாகவும் இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம், மரியாதையோடு அழைக்கும் 'உஸ்தெத்' ஆகவும் இருக்கலாம். முன்னால் நிற்பவரை மரியாதையாக அழைத்தாலும் வினை படர்க்கையில்தான் வரும். குழப்பம் வரும் என்றால் அங்கே பிரதிப்பெயரைத் தாராளமாகப் போடுங்கள்.

* * *

எனக்குப் பெரிய புதிர் 'பொதேர்', முடிவது. புவெதோ, புவெதெஸ், புவெதே, புவெதென் என்று வந்துகொண்டிருக்கும்போது நடுவில் 'பொதேமோஸ்', 'பொதேய்ஸ்' இரண்டு மட்டும் ஏன் மாறாமல் நிற்கின்றன? பாடநூல்கள் அட்டவணையில் கோடு போட்டு, பூட்ஸ் மாதிரி இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள் என்று விட்டுவிடுகின்றன. எனக்குச் சொல்லித்தந்தவர் அதோடு விடவில்லை. மேசையில் தட்டிக்கொண்டே ஒவ்வொரு வடிவத்தையும் சொல்லச் சொன்னார். குரல் எங்கே அழுந்துகிறதோ அங்கே ஒரு தட்டு. புவெதோவில் தட்டு வேரில் விழுகிறது. பொதேமோஸில் 'தே' மேல், அதாவது விகுதிமேல் விழுகிறது. வேரில் அழுத்தம் விழுந்தால் உயிரொலி விரிகிறது, அழுத்தம் நகர்ந்துவிட்டால் வேர் பழையபடி நிற்கிறது. லத்தீனின் குறில் 'எ', 'ஒ' ஒலிகள் அழுத்தம் பெற்றபோது விரிந்ததன் தொடர்ச்சி இது. 'கெரேர்', விரும்புவது, அதுவும் இப்படித்தான்: கியெரோ, ஆனால் கெரேமோஸ்.

எல்லா வினையும் மாறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கோமோ'வில் வேரில்தான் அழுத்தம், ஆனாலும் மாற்றமில்லை. எது மாறும் என்பதை வினையோடு சேர்த்தே கற்க வேண்டும். எப்படி மாறும் என்பதற்குத்தான் விதி. 'வா' என்ற நம் வேர் 'வருகிறேன்' ஆவதை யோசித்துப் பாருங்கள், இது அந்நியமாகவே தோன்றாது.

* * *

தட்டிப் பார்க்கும் முறை அருமை! என்னோடு வேலை செய்யும் அர்ஜென்டினா நண்பர் பேச்சு இப்போதுதான் முழுசாக விளங்குகிறது. 'நீ' என்பதற்கு அவர் 'தூ' என்றே சொல்லமாட்டார், 'போஸ்' என்பார். 'புவெதெஸ்' இல்லை, 'பொதேஸ்'. 'தியெனெஸ்' (உன்னிடம் இருக்கிறது) இல்லை, 'தெனேஸ்'. தனியொரு பட்டியலாக வைத்திருந்தேன். போஸ் வடிவத்தில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுகிறது, அதனால் வேர் விரியவில்லை. அதே விதிதானே! எழுத்திலும் கடைசி உயிரின் தலையில் சாய்கோடு போட்டு இதைக் காட்டுகிறார்கள்.

ஸ்பெயினுக்குப் போகும் எண்ணமில்லாதவர்களுக்கு: 'அப்லாய்ஸ்', 'கொமேய்ஸ்' போன்ற 'பொசோத்ரோஸ்' (நீங்கள்) வடிவங்கள் ஸ்பெயினில்தான் புழக்கம். லத்தீன் அமெரிக்காவில் பலரிடம் பேசும்போது 'உஸ்தெதெஸ்', அதற்கு வினை 'அப்லான்' தான். பேசுவதற்கு ஐந்து வடிவம் போதும். ஆறாவதைக் கேட்டால் புரிகிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

நான் படித்த வரிசை வேறு, ஒருவருக்காவது உதவலாம். ஒழுங்கான வினைகளை முடித்துவிட்டு மற்றதற்குப் போகவில்லை. அடிக்கடி வரும் வினைகள்தான் அதிகம் முரண்டு பிடிக்கின்றன: சோய் (இருக்கிறேன்), போய் (போகிறேன்), தெங்கோ (என்னிடம் இருக்கிறது), ஆகோ (செய்கிறேன்). இவை இல்லாமல் ஒரு நிமிடம் பேச முடியாது, முதல் நாளிலிருந்தே வேண்டும். 'ஆகோ', 'சால்கோ' (வெளியே போகிறேன்) இரண்டும் தன்மை ஒருமையில் மட்டுமே விலகும், மற்றவை ஒழுங்குக்குத் திரும்பிவிடும். 'ஆகோ'வைப் பார்த்து ஆகேஸ், ஆகே என்று வரும் என்று நினைத்துவிடாதீர்கள்: மூல வினை 'ஆசேர்', அதனால் 'ஆசேஸ், ஆசே' என்று வேரின் சொந்த ஒலியோடுதான் வரும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்த ஒலியை நாக்கைப் பல்லிடை வைத்துச் சொல்வார்கள்.

* * *

தொடங்கியவன் பேசுகிறேன். இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, மகிழ்ச்சி. ஆசிரியை அவர்களே, அந்த வினை மட்டும் சொல்லும் பயிற்சிக்குப் பத்து வாக்கியம் இங்கே போடுவீர்களா? 'அப்லா', 'அப்லான்' இரண்டும் மாறி மாறி வரும்படி இருந்தால் நல்லது.