டிஓடி சாலை: ஒப்படைப்புக்கு முந்தைய பழுதை நிரூபிப்பது எப்படி?

மத்தியப் பிரதேசத்தில் டிஓடி முறையில் (அரசுக்கு முன்பணம் கட்டி, சுங்கம் வசூலித்துப் பராமரித்து, காலம் முடிந்ததும் திருப்பித் தருவது) எடுத்த நான்குவழிச் சாலை. எங்களிடம் ஒப்படைத்து 14 மாதம். முதல் மழை முடிந்ததும் ஓரத் தடத்தில் 11 கி.மீ. நீளத்துக்குச் சக்கரப் பள்ளம், 20 மி.மீ.க்கு மேல்.

40 மி.மீ. சுரண்டிப் புது பிட்டுமன் கான்கிரீட் போட்டோம். ஐந்தே மாதத்தில் அதே இடத்தில் பள்ளம். ஐஆர்சி 115 (இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி) படி எஃப்டபிள்யூடி சோதனையில் (எடையை விழவைத்துச் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது), 40 கிலோநியூட்டனுக்கு ஓரத் தடம் உள்தடத்தைவிட இரண்டு மடங்கு அமுங்குகிறது. கோர் (துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி) எடுத்தால் மேல் அடுக்கு முழுசாக வருகிறது, கீழே டிபிஎம் (அடர்ந்த ஜல்லி-தார் அடுக்கு) கையிலேயே உதிர்கிறது. ஜல்லியில் தார் ஒட்டவே இல்லை. 14 மாதத்தில் இப்படி ஆகாது, வருடக்கணக்கில் தண்ணீர் தேங்கிய வேலை.

ஒப்படைப்பு அறிக்கையில் மேற்பரப்பு சர்வே மட்டும்தான்: சொரசொரப்பு, விரிசல். ஒரு கோர்கூட இல்லை. ஒப்பந்தமோ ‘உள்ளது உள்ளபடி’. 2018-ல் 9,681 கோடி ரூபாய்க்குப் போன முதல் டிஓடி தொகுப்பு மாதிரியே மொத்தத் தொகையும் முன்பணம்; பிடித்துவைக்க நம் கையில் ஒன்றுமில்லை. அதிபாரம் ஏற்றிய லாரிதான் காரணம் என்கிறார் சுயாதீனப் பொறியாளர் (ஒப்பந்தத்தைக் கண்காணிப்பவர்). எடைமேடைப் பதிவைக் காட்டியும் ஏற்கவில்லை.

கேள்வி ஒன்றுதான்: பழுது ஒப்படைப்புக்கு முந்தையது என்று நடுவர் மன்றத்தில் எடுபட்ட சோதனை அல்லது ஆவணம் எது?