கறிவேப்பிலைப் புழுவும் என் மகளும்: உங்க வீட்டுல இப்படி நடந்திருக்கா?

மொட்டைமாடி மதுரை
தொட்டிக் கறிவேப்பிலை முழுக்கக் கடிபட்டுக் கிடந்துச்சு. அதே புழுதான், எல்லாருக்கும் தெரியும். நாலு காக்கா எச்சம் மாதிரி, ரெண்டு பச்சையா பெருத்துப்போய். குச்சியால தட்டினேன். பச்சைப் புழு தலைக்குப் பின்னாலேருந்து ஆரஞ்சுக் கலர்ல ரெண்டு கொம்பை நீட்டுச்சு, குப்புனு ஒரு நாத்தம். பின்னால நின்ன யூகேஜி மக, "அம்மா, அது பயப்படுது"ன்னா. அதுக்குள்ள வேப்பெண்ணெயை அடிச்சு முடிச்சிட்டேன். மறுநாள் ரசத்துல மிதந்த இலையைத் தட்டு ஓரமா ஒதுக்கிட்டு கேட்டா: "நாம தூக்கித்தானே போடுறோம், அதுக்கே குடுத்திருக்கலாம்ல?" மூணு வாரமாச்சு, இன்னும் பதில் சொல்லல.

ரெண்டாப்பு டீச்சர்
மரம் ஆக்சிஜன் தருதுன்னு பாடம் எடுத்தேன். இன்டர்வெல் முழுக்க ஒரு பையன் புங்க இலையில மூக்கை வச்சு நின்னான். "ஒண்ணும் வரல டீச்சர்." அழுதுடுவான் போல. மறுநாள் குளத்துலேருந்து வேலம்பாசி கொண்டுபோய், கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டு வெயில்ல வச்சேன். தண்டுலேருந்து குமிழ் சரம்சரமா வந்துச்சு. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டா இன்னும் வேகமா வரும். நிழலுக்கு நகர்த்தினதும் குறைஞ்சிடுச்சு. "தூங்கிடுச்சா?"ன்னான்.

அரசமரத்தடி
அரசமரம் ராத்திரியும் ஆக்சிஜன் விடும், அதான் பெரியவங்க சுத்தினாங்க. இதையும் சொல்லிக்குடுங்க டீச்சர்.

பழைய பாட்டனி
சகோ, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிடாதீங்க. ராத்திரி மரமும் நம்மளை மாதிரி மூச்சு விடுறதுதான். 1771-ல பிரீஸ்ட்லிங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி, மெழுகுவத்தி எரிஞ்சு கெட்டுப்போன காத்துல ஒரு புதினாக் கொத்தை வச்சுப் பார்த்தார். சில நாள் கழிச்சு அந்தக் காத்துல மறுபடி மெழுகுவத்தி எரிஞ்சுது. அதுக்கு வெளிச்சம் வேணும்னு 1779-ல இங்கன்ஹவுஸ்ங்கிற இன்னொரு விஞ்ஞானி காட்டிட்டார். டீச்சரோட பையன் நிழல்ல பார்த்ததும் அதேதான்.
மதுரை மேடம், நீங்க தட்டினது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியோட புழுவா இருக்கும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை மாதிரி ஒரே குடும்பத்துச் செடிதான் அதுக்குச் சாப்பாடு, கண்ட தழையைத் தொடாது. அதனால புழுவுக்கு ஒரு தொட்டி, ரசத்துக்கு ஒரு தொட்டின்னு வைங்க. வேப்பெண்ணெயே வேண்டாம். இடம் இருந்தா ஒரு எருக்கும் வைங்க, அதுல வேற பட்டாம்பூச்சி வரும். ஆனா பால் கண்ணுல படாம பிள்ளையைப் பார்த்துக்கணும்.
என் அனுபவமா? பேரன் வாழைக்கன்னைத் தினமும் பிடுங்கி வேர் வந்துச்சான்னு பார்ப்பான். செத்துப்போச்சு.

மொட்டைமாடி மதுரை
தொட்டி யோசனை யாரும் கேக்கலை சார், இருந்தாலும் நன்றி. காலையில துளிர்ல ரெண்டு முட்டை இருக்கு, கடுகைவிடச் சின்னதா, மஞ்சளா. மக இன்னும் எந்திரிக்கல. இன்னிக்கு ரசத்துக்குக் கொத்தமல்லி மட்டும்தான்.